மொட்டை மாடியில் நாலு கம்பி நட்டு, கம்பி நீட்டிய சோலார் ஆசாமி!

தகடு 25 வருஷம் உழைக்கும். போடுகிற ஆள் யார்?

(நமது நிருபர்)

சென்னை, திருவான்மியூர்:-

திருவான்மியூர் மருந்தீஸ்வரர் கோவிலுக்கு கொஞ்ச தூரத்தில் ஒரு பழைய மாடி வீடு. அதன் மொட்டை மாடியில் நாலு இரும்புக் கம்பிகள் துருப்பிடித்து நிற்கின்றன.

அந்த நாலு கம்பிகளின் விலை 60 ஆயிரம் ரூபாய்!

சோலார் போட்டுத் தருகிறேன் என்று அட்வான்ஸ் வாங்கிய ஆசாமி, நாலு கம்பியை நட்டார். பிறகு அவரே கம்பி நீட்டிவிட்டார்.

ஏமாந்தவர் வேறு யாரும் இல்லை. இந்த செய்தியை எழுதும் நிருபரின் சொந்த பெரியம்மா!

"ஊர்ல நடக்கிற மோசடியை எல்லாம் நீதான்டா பேப்பர்ல எழுதறே. எனக்கு யாருடா சொன்னா?" என்று பெரியம்மா கேட்டார்.

பதில் சொல்ல முடியவில்லை. தலை குனிந்து நின்றேன். அவருக்கு அன்று சொல்லாததை இன்று எல்லோருக்கும் சொல்லுகிறேன்.

டை கட்டி வந்தார்

நடந்த விவரம் வருமாறு:-

2024-ம் ஆண்டு மே மாதம். கத்திரி வெயில் கொளுத்திய நேரம். பெரியப்பா காலமாகிவிட்டார். குடும்ப பென்ஷனில் பெரியம்மா காலம் தள்ளுகிறார். மகன், மருமகள், பேரக் குழந்தைகள் எல்லோரும் அதே வீட்டில்தான். இரண்டு ஏ.சி. ஓடுகிறது. இரண்டு மாத கரண்டு பில்லை பார்த்தாலே மயக்கம் வருகிறது.

அந்த நேரத்தில் வாசலில் ஒருவர் வந்து நின்றார். கழுத்தில் டை. சட்டையில் அடையாள அட்டை. கையில் தகடு போட்ட வீடுகளின் படங்கள்.

"அம்மா, இது பிரதமர் திட்டம். கவர்ன்மெண்ட் 78 ஆயிரம் மானியம் தருது. இந்த ஏரியாவுக்கு நாங்கதான் கவர்ன்மெண்ட் ஆளு. இன்னிக்கு புக் பண்ணினாதான் கிடைக்கும். நாளைக்கு லிஸ்ட் க்ளோஸ்" என்றார்.

மானியம் உண்மை. மற்றது எல்லாம் புளுகு.

மகன் ஆபீசில் இருந்தார். பெரியம்மா யாரையும் கேட்கவில்லை. கையில் கிடந்த இரண்டு வளையல்களை அடகு வைத்து, 60 ஆயிரத்தை ரொக்கமாக எண்ணிக் கொடுத்துவிட்டார்.

மூன்றாம் நாள் இரண்டு பையன்கள் வந்து, தளத்தை துளைத்து நாலு கம்பிகளை நட்டுவிட்டுப் போனார்கள். அதோடு சரி.

"தகடு குடோன்ல இருக்கு", "லாரி வரணும்", "ஆபீசர் கையெழுத்து போடணும்" என்று ஒரு மாதம் கதை ஓடியது. பிறகு போன் 'சுவிட்ச் ஆப்'.

விசிட்டிங் கார்டில் இருந்த விலாசத்துக்குப் போனோம். அங்கே ஒரு ஜெராக்ஸ் கடை! அப்படி ஒரு ஆளையே தெரியாது என்றார் கடைக்காரர்.

போலீசில் புகார் கொடுத்தோம். பணம் வரவில்லை. ஆனால் மழை வந்தது. கம்பி நட்ட துளை வழியாக பெரியம்மாவின் கட்டில் மேலேயே சொட்டியது!

கேரளாவில் நடந்தது

சோலார் பெயரில் ஏமாற்றுவது புதிய வித்தை அல்ல.

2013-ம் ஆண்டு கேரளாவையே உலுக்கியது 'டீம் சோலார்' விவகாரம். சோலார் அமைத்துத் தருவதாகவும், தொழிலில் பங்கு தருவதாகவும் சொல்லி பலரிடம் பணம் வாங்கினார்கள் என்று புகார். முதல்-மந்திரி அலுவலகம் வரை பெயர் அடிபட்டது. நீதிபதி சிவராஜன் தலைமையில் விசாரணை கமிஷனே போட்டார்கள்.

அது கோடிக் கணக்கு. நம் தெருவில் நடப்பது ஆயிரக் கணக்கு. ஆனால் வித்தை ஒன்றுதான். அரசாங்கத்தின் பெயரை சொல்லி, ரசீது இல்லாமல் முன்பணம் வாங்குவது!

உண்மையான திட்டம் எது?

'பி.எம். சூர்ய கர்' என்ற மத்திய அரசின் திட்டம் 2024 பிப்ரவரியில் தொடங்கியது. ஒரு கோடி வீடுகளில் சோலார் போடுவது நோக்கம். ஒதுக்கிய தொகை ரூ.75 ஆயிரத்து 21 கோடி.

ஒரு கிலோவாட் போட்டால் மானியம் ரூ.30 ஆயிரம். இரண்டு கிலோவாட்டுக்கு ரூ.60 ஆயிரம். மூன்று கிலோவாட், அதற்கு மேல் எவ்வளவு போட்டாலும் ரூ.78 ஆயிரம்தான்.

இந்த இடத்தை வாசகர்கள் இரண்டு தடவை படிக்க வேண்டும்:- மானியம் வீட்டுக்காரர் பாங்கு கணக்குக்கு வருகிறது. அதுவும் தகடு போட்டு, மீட்டர் மாட்டி, மின்சார வாரியத்தார் பார்த்து முடித்த பிறகுதான் வருகிறது.

"மானியத்தை வாங்கித் தர்றேன், செலவுக்கு முன்னாடி பணம் குடு" என்று ஒருவர் சொன்னால், அவருக்கு வாசலைக் காட்டிவிடலாம்.

திட்டம் போட்டபோது மத்திய அரசு வைத்த விலைக் கணக்கு, முதல் இரண்டு கிலோவாட்டுக்கு தலா ரூ.50 ஆயிரம். மூன்றாவதுக்கு ரூ.45 ஆயிரம். உயரமான கம்பிக் கூடு போட்டால் செலவு கூடும். தகட்டின் தரத்தைப் பொறுத்தும் விலை மாறும். ரொம்ப அதிகம் சொன்னால் ஏன் என்று கேட்க வேண்டும். ரொம்ப குறைவு சொன்னால் இன்னும் அழுத்திக் கேட்க வேண்டும்!

லிஸ்டில் பேர் இருக்கா?

இந்த தடவை பெரியம்மா வீட்டுக் காரியத்தில் நானே இறங்கினேன்.

முதல் வேலையாக மத்திய அரசின் இணைய தளத்தை திறந்தோம். முகவரி முடியும் இடத்தில் 'கவ் டாட் இன்' என்று இருக்க வேண்டும். அது இல்லாமல் அதே பெயரில் வேறு எது வந்தாலும் தொடக்கூடாது.

அந்த தளத்தில் பதிவு பெற்ற கான்டிராக்டர்களின் பட்டியல் இருக்கிறது. அதில் பெயர் இல்லாதவரிடம் போட்டால் மானியம் கிடையாது.

ஆனால் பட்டியலில் பேர் இருப்பதால் மட்டும் ஒருவர் 'கவர்ன்மெண்ட் ஆள்' ஆகிவிட மாட்டார். சோலார் போட எந்த கம்பெனிக்கும் தனி அதிகாரம் கொடுக்கவில்லை என்று மத்திய அமைச்சகமே 2021-ல் எச்சரித்திருக்கிறது. 'ஏரியா ஏஜெண்ட்' என்று யாரும் இல்லை. யாரை வைத்து போடுவது என்பது வீட்டுக்காரர் இஷ்டம்.

அடுத்த கேள்வி, எலக்ட்ரிக்கல் லைசென்ஸ். கிண்டியில் மின் உரிமம் வழங்கும் வாரியம் இருக்கிறது. மின் ஒப்பந்தக்காரர்களுக்கு லைசென்ஸ் கொடுப்பது அவர்கள்தான். லைசென்ஸ் நம்பர் என்ன, அது எந்த தேதி வரை செல்லும் என்று கேட்டு எழுதிக் கொள்ள வேண்டும்.

லைசென்ஸ் எதற்கு என்று நினைக்கக் கூடாது. தகட்டில் இருந்து இறங்குவது டி.சி. கரண்டு. வெயில் இருக்கிற வரை தகட்டில் கரண்டு வந்துகொண்டே இருக்கும். அந்த ஒயரில் ஒரு ஜாயிண்ட் லூசாக இருந்தால் பொறி பறக்கும், தீ பிடிக்கும். எர்த் கூட ஒன்று போதாது. தகட்டுப் பக்கத்துக்கு ஒன்று, வீட்டுக் கரண்டு பக்கத்துக்கு ஒன்று, இடிதாங்கிக்கு ஒன்று என்று தனித்தனியாக வேண்டும்.

மூன்று பேர் வந்தார்கள்

பட்டியலில் இருந்து மூன்று பேரை கூப்பிட்டோம்.

முதல் ஆள் போனிலேயே விலை சொன்னார். "மாடியை பார்க்க வேண்டாமா?" என்று கேட்டேன். "எல்லா மாடியும் ஒரே மாடிதான் சார்" என்றார். வேண்டாம் என்று விட்டோம்.

இரண்டாவது ஆள் மாடி ஏறினார். அடி டேப் போட்டு அளந்தார். "மூணு கிலோவாட் தாராளமா போடலாம். இனிமே கரண்டு கட்டே உங்களுக்கு கிடையாது" என்றார். இந்த வார்த்தையை வாசகர்கள் நினைவில் வைத்துக் கொள்ளவும்.

மூன்றாவது ஆள் ஒரு இளைஞர். டிப்ளமா படித்தவர். காலை ஒன்பது மணிக்கு ஒரு தடவை, மாலை மூன்று மணிக்கு ஒரு தடவை என்று இரண்டு வேளை மாடி ஏறினார். பக்கத்து வீட்டு தென்னை மரத்தையே பார்த்துக் கொண்டு நின்றார். சாக்பீசால் தரையில் நிழலுக்கு கோடு போட்டார்.

"அம்மா, மூணு கிலோவாட் வேண்டாம். சாயங்காலம் இந்தப் பக்கம் பூரா தென்ன மர நிழல் விழுது. ஒரு தகட்டுல நிழல் விழுந்தா கூட இருக்கிறதும் சேர்ந்து படுத்துக்கும். ரெண்டு கிலோவாட் போதும்" என்றார்.

பெரியம்மா என்னைப் பார்த்தார். வரும் வியாபாரத்தை தானே குறைத்துக் கொள்கிற கான்டிராக்டரை அப்போதுதான் முதல் தடவையாக பார்க்கிறோம்!

சென்னையில் ஒரு கிலோவாட் தகடு சராசரியாக நாளைக்கு நாலு யூனிட் தரும். இரண்டு கிலோவாட் என்றால் எட்டு யூனிட். இரண்டு மாதத்துக்கு ஏறக்குறைய 480 யூனிட். ஐப்பசி, கார்த்திகை மழையில் குறையும். பங்குனி, சித்திரையில் கூடும். 'பில்லே வராது' என்று யாராவது சொன்னால், பழைய பில்களை எடுத்து வைத்துக்கொண்டு இந்த கணக்கை போட்டுப் பார்க்க வேண்டும்.

உப்புக் காற்று

திருவான்மியூர்காரர்களுக்கு உப்புக் காற்றைப் பற்றி சொல்லித் தர வேண்டாம். ஜன்னல் கம்பி, கேட், ஏ.சி. பெட்டி எதுவானாலும் கடல் காற்று தின்றுவிடும். வால்மீகி நகர், குப்பம் பக்கம் கேட்கவே வேண்டாம்.

ஆகவே இங்கே சோலார் போடுகிறவர்கள் தகட்டை மட்டும் பார்த்தால் போதாது. தகட்டை தாங்கும் கம்பியை பார்க்க வேண்டும்.

சாதாரண இரும்பில் பெயிண்ட் அடித்து நட்டால் சீக்கிரமே துரு ஏறும். உருக்கிய துத்தநாகத்தில் முக்கி எடுத்த கம்பி வேண்டும். 'ஹாட் டிப் கால்வனைஸ்' என்று கடையில் சொல்லுவார்கள். அந்த பூச்சு 80 மைக்ரானுக்கு குறையக் கூடாது என்பது அரசு விதி. நட்டு, போல்ட்டு எல்லாம் துருப்பிடிக்காத ஸ்டீலில் வேண்டும். தகட்டுக்கு உப்புக் காற்று சோதனை என்றே ஒன்று உண்டு. 'ஐ.இ.சி. 61701' என்பது அதன் நம்பர். அந்த சர்டிபிகேட்டை காட்டச் சொல்லலாம்.

இரண்டாவது ஆளிடம் இதைக் கேட்டதற்கு, "பெயிண்ட் அடிச்சுடலாம் சார்" என்றார். மூன்றாவது இளைஞர் பையில் இருந்து ஒரு துண்டுக் கம்பியையே எடுத்துக் காட்டினார்.

புயல் வந்தால்?

ஒரு தகடு ஏறக்குறைய ஏழரை அடி நீளம், மூன்றே முக்கால் அடி அகலம். எடை 28 கிலோ அளவுக்கு இருக்கும். மொட்டை மாடியில் உயரமாக கூடு கட்டி அதை வைத்தால், காற்றுக்கு அது பாய் மரம் மாதிரி!

2016 டிசம்பர் 12-ந்தேதி வர்தா புயல் சென்னையை என்ன பாடு படுத்தியது என்பது எல்லோருக்கும் தெரியும். இந்திய தர நிர்ணயக் கணக்குப்படி சென்னை கட்டிடங்களுக்கு எடுத்துக் கொள்ள வேண்டிய அடிப்படை காற்று வேகம் வினாடிக்கு 50 மீட்டர். அதாவது மணிக்கு 180 கிலோ மீட்டர். "எந்த வேகத்துக்கு கூடு போடுறீங்க?" என்று கேட்டால் கான்டிராக்டர் இந்த நம்பரை சொல்ல வேண்டும். சொன்னால் மட்டும் போதாது, எழுதியும் தர வேண்டும்.

பெரியம்மா ஒரு யோசனை சொன்னார். "இந்த நாலு கம்பியும் நட்டுதானே இருக்கு தம்பி. இதுலயே மாட்டிடேன். அந்த காசாவது மிஞ்சும்" என்றார்.

இளைஞர் ஒரு கம்பியை பிடித்து ஆட்டினார். ஆடியது.

"இதுல மாட்ட மாட்டேம்மா. அடுத்த புயல்ல தகடு பறந்து எதிர் வீட்டு மேல விழும். நாளைக்கு யாராவது செத்தா உங்களையும் கேப்பாங்க, என்னையும் கேப்பாங்க" என்றார்.

தளத்தை கண்ட இடத்தில் துளைக்காமல், கான்கிரீட் மேடை கட்டி அதன் மேல் கூடு நிறுத்தினார். பழைய துளைகளையும் அடைத்துக் கொடுத்தார்.

கரண்டு கட்டே கிடையாதா?

இரண்டாவது ஆள் சொன்ன வார்த்தைக்கு இப்போது வருவோம்.

மானியத்தில் போடுவது பெரும்பாலும் மின்சார வாரிய லைனோடு சேர்ந்து ஓடும் சோலார். பகலில் மிஞ்சியது லைனுக்குப் போகும். ராத்திரி தேவைக்கு லைனில் இருந்து வரும். இரண்டையும் கழித்துப் பார்த்து பில் போடுவார்கள். அதற்காகத்தான் புது மீட்டர்.

இதில் பாட்டரி இல்லை என்றால், லைனில் கரண்டு போன அந்த நொடியே சோலாரும் நின்றுவிடும். உச்சி வெயில் அடித்தாலும் ஒரு பல்பு எரியாது!

அது கோளாறு அல்ல. வேண்டுமென்றே செய்த ஏற்பாடு. கம்பத்தில் ஏறி வேலை செய்யும் லைன்மேன், கரண்டு இல்லை என்று நம்பி ஒயரை தொடுகிறார். அந்த நேரத்தில் நம் மாடியில் இருந்து கரண்டு போனால் அவர் உயிர் போகும்.

ஆகவே பாட்டரி இல்லாத சோலாருக்கு 'கரண்டு கட்டே கிடையாது' என்று சொல்லுகிறவர், ஒன்று தொழில் தெரியாதவர், அல்லது பொய் சொல்லுகிறவர். இரண்டு பேருமே நமக்கு வேண்டாம்.

பணம் எப்படி கொடுப்பது?

ரொக்கம் கூடாது. பாங்கு மூலமாகத்தான் கொடுக்க வேண்டும். ஜி.எஸ்.டி. நம்பர் போட்ட பில் வாங்க வேண்டும்.

மொத்தத்தையும் முன்னால் கொடுக்கக் கூடாது. நாங்கள் கொடுத்தது இப்படி:- ஒப்பந்தம் எழுதியதும் ஒரு சிறு தொகை. தகடும் இன்வெர்ட்டரும் வீட்டுக்கு வந்ததும் பெரிய தொகை. மீட்டர் மாட்டி ஓடிய பிறகு மீதி.

ஒப்பந்தத்தில் தகடு எந்த கம்பெனி, என்ன மாடல் என்று இருக்க வேண்டும். மானியம் வேண்டும் என்றால் இந்தியாவிலேயே செய்த தகடாக இருக்க வேண்டும். வந்து இறங்கியதும் ஒவ்வொரு தகட்டின் நம்பரையும் பில்லோடு சரி பார்க்க வேண்டும்.

தகட்டுக்கு 25 வருஷ உத்தரவாதம் என்பார்கள். அது கம்பெனி கொடுப்பது. போட்டுக் கொடுத்தவர் ஐந்து வருஷம் பராமரிப்பு செய்ய வேண்டும் என்பது திட்டத்தின் விதி. இரண்டையும் தனித்தனியாக எழுதி வாங்க வேண்டும். அதே ஆள் ஏற்கனவே போட்ட இரண்டு, மூன்று வீடுகளுக்கு நேரில் போய் விசாரித்துவிட்டால் இன்னும் நல்லது. போட்டு இரண்டு மழைக்காலம் கண்ட வீடாக இருக்க வேண்டும்.

இன்னும் ஒரு விஷயம். பெரியம்மா வீட்டு மின் இணைப்பு காலமான பெரியப்பா பெயரிலேயே இருந்தது. "முதல்ல இ.பி.ல பேர் மாத்துங்கம்மா. அப்புறம் விண்ணப்பம் போடலாம். இல்லேன்னா மானியம் வர்றப்ப சிக்கல்" என்று அந்த இளைஞர்தான் சொன்னார். இந்த மாதிரி வீடுகள் நம் ஊரில் எத்தனையோ!

கையில் பணம் இல்லாதவர்களுக்கு பிணை இல்லாத பாங்கு கடனும் இந்த திட்டத்தில் உண்டு. பெரியம்மா வீட்டில் மகன் அதைத்தான் வாங்கினார்.

பிளாட்டில் இருப்பவர்களுக்கு மொட்டை மாடி எல்லோருக்கும் பொது. ஒருவர் தன் இஷ்டத்துக்கு போட முடியாது. ஆனால் அசோசியேஷன் சேர்ந்து லிப்ட், மோட்டார், படி விளக்குக்கு போட்டால் கிலோவாட்டுக்கு ரூ.18 ஆயிரம் மானியம் உண்டு.

ஏமாந்துவிட்டால்?

போன் மூலம் பணம் அனுப்பி ஏமாந்தால் உடனே 1930-க்கு போன் செய்ய வேண்டும். தாமதித்தால் பணம் கை மாறிவிடும்.

வேலையில் மோசம் என்றால் நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு கட்டணமே கிடையாது. இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும்.

இதற்கெல்லாம் பில்லும் ரசீதும் கையில் வேண்டும். பெரியம்மாவிடம் இருந்தது ஒரு விசிட்டிங் கார்டு மட்டும்தான்.

வளையல் திரும்பியது

இப்போது பெரியம்மா வீட்டு மாடியில் நாலு தகடுகள் தெற்கு பார்த்து பளபளக்கின்றன. மின்சார வாரியத்தார் வந்து பார்த்து மீட்டர் மாட்டினார்கள். பில் பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. வாரத்துக்கு ஒரு தடவை விடியற்காலையில் மருமகள் தண்ணீர் விட்டு உப்பை கழுவுகிறார்.

மானியம் 60 ஆயிரம் ரூபாய் பெரியம்மாவின் பாங்கு கணக்கில் நேராக வந்து விழுந்தது. போன தொகையும் 60 ஆயிரம், வந்த தொகையும் 60 ஆயிரம்! அன்றே போய் வளையல்களை மீட்டார். வட்டி போனது போனதுதான்.

"வியாபாரத்தை குறைச்சு சொன்னான் பாரு, அப்பவே தெரிஞ்சுது இவன் ஏமாத்த மாட்டான்னு" என்கிறார் பெரியம்மா.

அந்த நாலு பழைய கம்பிகள்?

பிடுங்கிப் போட்டுவிடலாம் என்றேன். பெரியம்மா விடவில்லை. இரண்டு கம்பிகளுக்கு நடுவே கயிறு கட்டி துணி காயப் போடுகிறார்.

"இருக்கட்டும்டா. தினம் பார்த்தாதான் புத்தி இருக்கும்" என்கிறார்.

திருவான்மியூரிலேயே விலை உயர்ந்த கொடிக் கம்பி அதுவாகத்தான் இருக்கும்!